மூக்கில் பன்றி வைத்த படகு

போன வாரம் விட்பியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்திருந்தார். எங்கள் ஸ்கெல்விக் ஊரின் உயிர்காப்புப் படகு நிலையத்துக்குச் சரித்திரம் எழுதப் போகிறாராம். நேராகப் படகுக் கொட்டகைக்குப் போய், சுவரில் மாட்டியிருக்கும் கறுப்புப் பலகையை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதிக்கொண்டார். எந்த வருஷம், எந்தக் கப்பல், யார் யார் துடுப்புப் போட்டார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். அப்புறம் என் புருஷன் ஓபேத்திடம் பேசினார். அந்தப் படகுக்குத் தலைவனாக இருந்து வெகுகாலம் சுக்கான் பிடித்தவன் ஓபேத். கொட்டகைக்கு எதிர்வாசலில் நானும் சிப்பி உரித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மகன் சைலஸ் அந்தப் பலகையில் ஒரு வரி. 'ஸ்கெல்விக் மீன்படகு. இருவர் மீட்கப்பட்டனர்.' அவ்வளவுதான். அந்த இருவரைக் கரை சேர்க்க நாங்கள் பட்ட பாட்டில் கடல் படுத்தியது கால்வாசி, எங்கள் ஊர் ஆம்பளைகள் படுத்தியது முக்கால்வாசி. அதைப் பலகையில் எழுத இடமில்லை போலும். சரி, நான் சொல்கிறேன்.

எங்கள் ஆம்பளைகளைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் தொழிலுக்குப் போகிறவன் வழியில் ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டால் அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டான். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். அதனால் விடிகாலையில் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் நாங்கள் வாளியும் கையுமாகச் சந்துக்குள் ஒதுங்க வேண்டும். சந்து இல்லாத இடமென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து அவன் தூண்டில் முள் ஒவ்வொன்றிலும் சிப்பிச் சதை கோர்த்தது எங்கள் கை. அந்தக் கைக்குத் தோஷம் கிடையாது. முகத்துக்குத்தான் தோஷம்.

உயிர்காப்புப் படகை இறக்கும்போது மட்டும் கை, முகம், இடுப்பு எல்லாம் வேண்டும். சக்கர வண்டியில் நிற்கும் அந்தப் படகைக் கயிறு போட்டு இழுத்து, இடுப்பளவு அலையில் இறங்கித் தள்ளிவிடுவது ஸ்கெல்விக்கில் பெண்கள் வேலை. அப்போது எந்தச் சகுனமும் குறுக்கே வராது. ஒருமுறை ஓபேத்தின் அண்ணன் எசேக்கியேலிடம் இதைக் கேட்டேன்.

"அது வேற, தாமார்," என்றார்.

"எப்படி அத்தான் வேற?"

"இது தொழிலுக்குப் போறது. அது உசிரக் காப்பாத்தப் போறது."

"அப்ப உசிருன்னு வந்துட்டா எங்க மூஞ்சி நல்ல மூஞ்சி ஆயிடுமா?"

"உங்கிட்ட மனுஷன் பேசுவானா?" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது விஷயம் பன்றி. கடலோரத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் படகு கவிழும். சொல்லியே தீர வேண்டுமென்றால் 'அந்த ஆளு' என்பார்கள். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் எல்லோரும் பாய்ந்து இரும்பைத் தொடுவார்கள். பக்கத்தில் இரும்பு இல்லையென்றால் குனிந்து பூட்ஸ் ஆணியைத் தொடுவார்கள். பன்றிக் கூட்டம் கடலில் பாய்ந்து செத்த கதையைத் தேவாலயத்தில் வாசித்த நாள், ஆண்கள் பக்கம் மொத்தமும் தலை குனிந்து கிடந்தது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த பெல்லர்பி பாதிரியார் அதைப் பார்த்து, இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பக்தி என்று பூரித்துப்போனார். அன்று மதியம் அதே ஆம்பளைகள் அந்த ஆளின் தொடையை வறுத்து, கொழுப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றார்கள். தின்பதற்குத் தோஷமில்லை.

கோழைகள் என்று நினைத்துவிடாதீர்கள். கோழைகளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நிலையம் வருவதற்கு முன்னால், நிலக்கரிக் கப்பல் ஒன்று எங்கள் பாறைத்திட்டில் மோதி உடைந்தபோது, கைகோத்துக்கொண்டு அலைக்குள் நடந்து போய் ஆட்களை இழுத்து வந்தவர்கள் இவர்களுடைய தகப்பன்மார். அதைக் கேள்விப்பட்டுத்தான் லண்டனில் இருக்கும் சங்கம் முதல் படகைக் கொடுத்தது. அதில் என் அப்பா முன் துடுப்பு போட்டார். ஒரு பனிக்காலத்தில் அது கவிழ்ந்து மூன்று பேர் போனார்கள். மறுவாரமே அந்த மூன்று இடத்துக்கு அவர்களுடைய தம்பிகள் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் தக்கைச் சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டால் ஆள் மூழ்க மாட்டான்.

அந்தச் சட்டைகளோடு ஒரு வழக்கமும் வந்தது. ஆபத்துக்கு வெடி போட்டதும் ஊரே ஓடி வரும். கொட்டகைச் சுவரில் சட்டைகள் ஆணியில் தொங்கும். எவன் முதலில் எடுக்கிறானோ அவனுக்குப் படகில் இடம். எடுத்தவன் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. தலைவன் நினைத்தாலும் கூடாது. ஒருமுறை கால்சட்டைக்கு அளவெடுக்க வந்த வெளியூர்த் தையல்காரர் ஒருவர், கூட்டத்தில் என்ன ஏது என்று புரியாமல் ஒன்றை எடுத்துவிட்டார். வழக்கம் வழக்கம்தானே. அவரையும் கொண்டு போனார்கள். போகும்போதும் வரும்போதும் வாந்தி. ஆனால் பலகையில் குழுவினர் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது படகு உளுத்துப்போனபோது மூன்றாவது படகுக்குக் காசு கொடுத்தவர் ஆக்ராய்ட். மேற்கே ஆலைகள் இருக்கும் பக்கத்தில் பெரிய கறி வியாபாரி. செத்துப்போன மனைவியின் நினைவாகக் கொடுத்தார். படகுக்குப் பெயர் 'எம்மலின்'. ஊரெல்லாம் கொடி கட்டி, பள்ளிப் பிள்ளைகள் பாட, ஆக்ராய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டே படகை மூடியிருந்த துணியை இழுத்தார். நீலமும் வெள்ளையுமாகப் புதுப் படகு. அதன் மூக்கில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, தங்கப் பூச்சில் வரைந்த பன்றி. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி அளவு.

பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது. எங்கள் குழுவினர் அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து பூட்ஸைத் தொட்டார்கள். ஆக்ராய்ட் அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துத் தானும் குனிந்து வணங்கினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் எதிரே யாரும் இல்லை. ஒவ்வொருவனாக வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டான்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. பயிற்சிக்குக்கூட ஒருவனும் அதில் ஏற மாட்டேன் என்றான். அழித்துவிடுங்கள் என்றால், ஓபேத் சட்டம் பேசினான்.

"பெயின்ட் சங்கத்தோடது. நாம கை வைக்கக் கூடாது."

"ஒரு டப்பா பெயின்ட்டுக்கு லண்டன் உத்தரவு வேணுமா?"

"வேணும்."

"உனக்கே அதப் பார்த்தா ஆகாதுல்ல? பின்ன என்ன சட்டம்?"

"ஆகாது. அதுக்காகச் சட்டம் இல்லன்னு ஆயிடுமா?" என்றான். இந்த மனுஷனோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

நிலையத்தின் செயலாளர் பெல்லர்பி பாதிரியார்தான். அவர் ஆக்ராய்டுக்குப் பணிவாக எழுதிக் கேட்டார். பதிலை வீடு வீடாக வந்து சொன்னார். "அவரும் அவர் சம்சாரமும் ஒரே ஒரு பன்னிய வெச்சுத்தான் கடையத் தொடங்கினாங்களாம். அந்த அம்மாதான் அத வளர்த்தாங்களாம். அந்தப் பன்னி இல்லன்னா கடை இல்ல, கடை இல்லன்னா படகு இல்லன்னு சொல்றாரு." அவர் பன்னி என்று சொல்லச் சொல்ல, எசேக்கியேல் அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கம்பி சுட்டது. விடவில்லை. எனக்கு ஆக்ராய்ட் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

பழைய படகிலேயே போகிறோம் என்று சிலர் ஆரம்பித்தார்கள். பழைய படகு எங்கே? அதை ஏலத்தில் எடுத்து, கவிழ்த்துப் போட்டு, கதவு வைத்துக் கோழிக்கூடாக்கியவரே எசேக்கியேல்தான்.

கடைசியில் நானும் எசேக்கியேலின் மனைவி டோர்க்காஸ் அக்காவும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். பன்றி இரண்டையும் மூடுகிற மாதிரி துணியில் திரை தைத்து மூக்கில் கட்டினோம். பெயின்ட்டில் யாரும் கை வைக்கவில்லை, சட்டமும் பிழைத்தது. இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் எசேக்கியேல் அந்தச் சிவப்புக் கம்பளித் துணியை உற்றுப் பார்த்தார்.

"டோர்க்காஸ், இது ஏதுடி துணி?"

"என் பழைய உள்பாவாடை. ஏன்?"

அவ்வளவுதான். பன்றிக்கு மேல் பாவாடை. முன்னால் ஒரு தோஷம்தான் இருந்தது, இப்போது இரண்டு ஆகிவிட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாவாடையாலேயே அத்தனை பேரையும் கட்டிக் கடலில் போட்டிருப்பேன்.

பிப்ரவரி பிறந்தது. ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது துறைச் சுவரில் இருக்கும் காற்றழுத்தக் கண்ணாடியைப் பார்த்தேன். முள் கீழே இறங்கிக் கிடந்தது; அப்படி விழுந்தால் புயல் வருகிறது என்று அர்த்தம். வடகிழக்கில் வானம் ஈயம் பூசின மாதிரி. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சீட்டியடித்துக்கொண்டு வருகிறவன் என் சைலஸ்தான் என்று தெரியும். கூடவே ஈனோக், டோர்க்காஸ் அக்காவின் மகன். இரண்டு பேரும் ஒரே படகு. வேண்டாம்டா என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. வாளியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஒதுங்கினேன். அவர்கள் முதுகைத்தான் பார்த்தேன்.

மதியத்துக்குள் கடல் வெறிபிடித்தாற்போல் ஆகிவிட்டது. போன மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தன. அவர்கள் படகு மட்டும் வரவில்லை. மேட்டில் ஏறிப் பார்த்தால் பாறைத்திட்டுக்கு வெளியே ஒரு பழுப்புப் பாய் தெரிந்தது. துறைவாயில் முழுக்க அலை உடைந்து வெள்ளையாகக் கொதித்தது. உள்ளே வர வழியில்லை. வெளியே நின்றால் இருட்டுவதற்குள் பாறையில் மோதிவிடும். வெடி போட்டார்கள்.

ஊரே ஓடி வந்தது. நாங்கள் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுத் தயாராக நின்றோம். ஆம்பளைகள் கொட்டகை வாசல் வரைக்கும் வந்தார்கள். அங்கேயே நின்றார்கள். மற்ற நாளில் ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டு பாய்ந்து எடுக்கும் தக்கைச் சட்டைகள் அத்தனையும் ஆணியில் தொங்கின. ஓபேத் மட்டும் உள்ளே வந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நான் போறேன். ஆனா யாரையும் கையப் பிடிச்சு இழுக்க மாட்டேன். அவனவன் உசிரு அவனவனுக்கு," என்றான்.

"உசிருக்குப் பயந்தா நிக்கறோம்?" எசேக்கியேல் கத்தினார். "அங்க இருக்கறது எம்புள்ள! அந்த ஆளோட போனா நாமளும் வர மாட்டோம், அவனுங்களும் வர மாட்டானுங்க. வாங்கடா, என் மீன்படக இறக்குவோம்!"

நான் சொல்வது சத்தியம். அந்த அலையில், மூடாப்பு இல்லாத மீன்படகில், முழங்கால் உயரப் பலகையை நம்பிப் போவதற்கு அவர்கள் தயார். துறைவாயிலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே சாவார்கள் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பன்றியோடு போய்ப் பிழைப்பதைவிட அது கௌரவம். பாதிப் பேர் அந்தப் படகைப் பிடித்துத் தண்ணீரை நோக்கித் தள்ளவே ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பிள்ளை அங்கே மிதந்துகொண்டிருக்கிறான். இவர்கள் சகுனம் பார்த்துச் சாகப் போகிறார்கள். எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. கயிற்றைக் கீழே போட்டேன். கொட்டகைக்குள் போனேன். ஆணியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டினேன்.

"ஏய் தாமார், என்ன பண்ற?" என்றான் ஓபேத்.

"எடுத்தவங்களுக்குத்தானே இடம்? நான் எடுத்துட்டேன்." திரும்பிக் கத்தினேன். "அக்கா! எடுங்க! ஒண்ணு பாக்கி விடாம எல்லாத்தையும் எடுங்க!"

டோர்க்காஸ் அக்காவுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் அத்தனை பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, வண்டியில் ஏறி, எம்மலினில் துடுப்புக்கு ஒருத்தியாக உட்கார்ந்துவிட்டோம். ஆம்பளைகள் மீன்படகை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"இறங்குங்கடி! பொம்பளைங்க கடலுக்குப் போறதா? கேடு காலம்!"

"நாங்க போனா யாருடி வண்டிய இழுக்கறது?" என்று ஒருவன் கேட்டான்.

"நீங்க இழுங்க," என்றாள் டோர்க்காஸ் அக்கா. "இத்தன வருஷமா நாங்க இழுக்கறதப் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? தண்ணி கொஞ்சம் குளிரும். பழகிடும்."

"சட்டையக் கழட்டுடி!"

"பிடுங்கக் கூடாது. வழக்கம்!" என்றேன் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக வழக்கம் எங்கள் பக்கம் இருந்தது.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. "சட்டை வேணுமா? தரோம். சும்மா இல்ல. இந்தப் படகு மூக்குல இருக்கறது என்னன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்றவங்களுக்குச் சட்டை. சொல்லாதவங்க கயித்தப் பிடிங்க."

ஒருவனும் அசையவில்லை. ஓபேத்திடம் சட்டை இருந்தது. அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவன் படகின் மூக்குக்கு முன்னால் வந்து நின்று, குல்லாயைக் கழற்றி, என்னைப் பார்த்தான்.

"பன்னி," என்றான். இரும்பைத் தொடவில்லை. "பன்னி. போதுமா? இப்ப எம்புள்ளயக் கூட்டிட்டு வரணும். வாங்கடா."

கல்யாணமான நாளிலிருந்து அவன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதற்கப்புறம் அணை உடைந்தது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஒருவன் அழுதுகொண்டே சொன்னான். ஒருவன் என் காதில் ரகசியமாகச் சொன்னான்; சத்தமாகச் சொல்லு என்று திருப்பி அனுப்பினேன். ஒவ்வொருத்தியாகச் சட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கினோம். கடைசியில் எசேக்கியேல் மட்டும் பாக்கி. அவர் உதடு 'ப' என்று கூடியது. அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுய்யா," என்றாள் டோர்க்காஸ் அக்கா மேலிருந்து.

"ப... ப..."

"தலைக்கு மேல வெள்ளம் போவுது, இதுல சாண் என்ன முழம் என்ன? சொல்லு!"

"வரலடி!"

"சரி, நீ வீட்டுல கோழியப் பார்த்துக்க. நான் போயி ஈனோக்கக் கூட்டிட்டு வரேன்." அவள் துடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். விளையாட்டுக்கு இல்லை. அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும், அவள் போயே இருப்பாள்.

"பன்னீ!" என்று அலறினார் எசேக்கியேல். மேட்டில் உட்கார்ந்திருந்த கடற்காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. "பன்னி, பன்னி, பன்னி! குடுடி சட்டைய!"

அப்புறம் இழுத்தோம். அலை நெஞ்சு வரைக்கும் வந்து அடித்தது. பிப்ரவரித் தண்ணீர் எலும்பைப் பிளந்தது. எம்மலின் மிதந்ததும் துடுப்புகள் ஒன்றாக இறங்கின. முதல் பெரிய அலையிலேயே மூக்கில் கட்டியிருந்த அக்காவின் பாவாடை கிழிந்து பறந்துபோயிற்று. தங்கப் பன்றி இரண்டும் பளபளவென்று வெளியே வந்தன. துறைவாயிலில் படகு ஒருமுறை செங்குத்தாக நிமிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டோர்க்காஸ் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் அந்த விரல் இன்றைக்கும் சரியாக மடங்காது. கண்ணைத் திறந்தபோது அவர்கள் துறைவாயிலைத் தாண்டி வெளியே போயிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது நான் தலைகளைத்தான் எண்ணினேன். போனதைவிட இரண்டு தலை அதிகமாக இருந்தது. அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்து அழுதேன்.

சைலஸைக் கம்பளியில் சுற்றி அடுப்பின் முன்னால் உட்காரவைத்து, வாயில் சூடாகத் தேநீர் ஊற்றினோம். பல் கிடுகிடுத்தபடியே சொன்னான். "அம்மா, படகு பாதி முங்கிடுச்சு. அலையத் தவிர ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் நீந்தறதுன்னும் தெரியல. அப்பத்தான் ஒரு அலை மேல தங்கமா ஒண்ணு ஏறி நின்னுச்சு. காது, மூக்கெல்லாம் தெரிஞ்சுது. ஈனோக் கத்தினான், 'டேய், அந்த ஆளு வந்துட்டாரு, அந்த ஆளு வந்துட்டாரு'ன்னு. அதப் பார்த்துத்தான் கைய ஆட்டினோம்."

சாகப் போகிற நேரத்திலும் அந்தப் பயல் பெயரைச் சொல்லவில்லை. இனி என்ன செய்ய?

எசேக்கியேலோ மறுநாள் சாராயக்கடையில் வேறு விதமாகச் சொன்னார். போக வர முழு நேரமும் அவர் குதிகாலைப் படகின் இரும்பு ஆணியில் அழுத்திக்கொண்டே இருந்தாராம். அதனால்தான் எல்லோரும் தப்பித்தார்களாம். ஆமாம், ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியே இருக்க மாட்டேன். சைலஸுக்கு உடம்பு தேறியது. ஓபேத்தின் படகை எடுத்துக்கொண்டு மறுபடி தொழிலுக்குக் கிளம்பினான். நல்ல வெயில் காலை, கடல் தட்டில் வைத்த பால் மாதிரி. கையுறையை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான். கை விறைத்துப்போகுமே என்று நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். குறுக்குச் சந்தில் புகுந்து, அவனுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நின்றான். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா நீ! தெருவுல ஏம்மா வந்த?"

"கையுறைடா."

"போச்சு. இன்னிக்குத் தொழில் போச்சு."

"டேய், போன வாரம் உன்னக் கொண்டு வர நெஞ்சளவு தண்ணில நின்னவடா நானு!"

"அது வேறம்மா," என்றான். அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தான்.

நான் நடுத்தெருவில் கையுறையோடு நின்றேன். பெற்று, வளர்த்து, கடலிலிருந்து மறுபடி ஒருமுறை பெற்றெடுத்த பிள்ளைக்கு என் முகம் ஆகாது! அந்தக் கையுறையைச் சாக்கடையில் எறியப் போனேன். எறியவில்லை. வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தான். நாள் முழுக்க அங்கேயேதான் இருந்தான். உலர்ந்த காலோடு, உயிரோடு, ரொட்டி தின்றுகொண்டு.

வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கண்ணாடியில் முள் மறுபடி விழுந்தது. வடகிழக்கில் அதே ஈயம். பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் சந்துக்குள் ஒதுங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில், முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு நின்றேன். எனக்கு எதிர்ப்புறம் டோர்க்காஸ் அக்கா நின்றாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா!" என்றான் சைலஸ்.

"அம்மாதான். நல்லாப் பார்த்துக்க."

அன்று மாலை அடித்த காற்றில் துறைச் சுவரின் கல் பெயர்ந்து விழுந்தது. எங்கள் படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. அதற்கப்புறம் முள் விழுந்த காலைகளில் ஸ்கெல்விக் பெண்கள் எல்லோருக்கும் தெருவில் வேலை வந்துவிட்டது. ஒருத்திக்குத் தண்ணீர், ஒருத்திக்குப் பூனையைக் காணவில்லை. ஆம்பளைகள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. மீன் இல்லாத நாளில் உருளைக்கிழங்கை வேகவைத்து முன்னால் வைத்துவிட்டு, தின்னுங்கள் என்போம். ஓபேத் மட்டும் திட்டவில்லை. ஒருநாள் இருட்டு விலகுவதற்கு முன்னால் ஜன்னலில் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், "வாளில தண்ணி இல்ல போலிருக்கே," என்றான். வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கீழே கொட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அதனால்தான் பலகையில் சைலஸின் வரிக்கு அப்புறம் ஊர்ப் படகு ஒன்றின் பெயர்கூட இல்லை. வெளியூர்க் கப்பல்கள்தான். வாத்தியார் அதைக் கவனித்துவிட்டு, அதற்கப்புறம் உங்கள் ஊர்ப் படகு ஒன்றுகூட ஆபத்தில் மாட்டவில்லையே, என்ன காரணம் என்று ஓபேத்திடம் கேட்டார். ஓபேத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சிப்பிக் கத்தியை ஓங்கிப் பிடித்திருந்தேன்.

"கடல் அமைதியா இருந்துச்சுங்க," என்றான்.

வாத்தியார் அதை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.